சுழல்கிறது, பற்றவில்லை

விடியற்காலையில் சிங்கப்பூரின் துவாஸ் கனரக வாகன நிறுத்துமிடத்திலிருந்து, "அண்ணே, லாரி கிளம்ப மாட்டேன் என்கிறது" என்று ஓட்டுநர் அழைத்தால், விவரம் தெரிந்த மெக்கானிக் கருவிப்பெட்டியைத் தொடும் முன்பே இரண்டு கேள்விகள் கேட்பார். என்ஜின் என்ன வேகத்தில் சுழல்கிறது? புகை வருகிறதா?

டீசல் என்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை ஏறத்தாழ 17இல் ஒரு பங்காக நெருக்கும்போது எழும் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய எந்திரமும் இப்படித்தான் இயங்கியது. நம் ஊரின் 30 டிகிரிக் காற்று, சூடு துளியும் வெளியேறாவிட்டால், கணக்குப்படி 600 டிகிரி செல்சியசைத் தாண்டும்.

ஆனால் சூடு வெளியேறும். என்ஜின் மெதுவாகச் சுழன்றால் உலோகச் சுவர் அதை விழுங்கிவிடும். பிஸ்டன் வளையங்களின் இடுக்கில் காற்றும் நழுவும். எனவே, "சுழல்கிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்ற வாதம் டீசலிடம் எடுபடாது. ஸ்டார்ட்டர் சுழலும்போது 24 வோல்ட் அமைப்பு 18 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், முதல் சந்தேகம் பேட்டரிகள் மீதும் கேபிள் முனைகள் மீதும்தான். ஓயாத வெப்பம் பேட்டரியின் ஆயுளைத் தின்றுவிடும். குளிர்நாட்டுக் காணொளியைப் பார்த்துவிட்டு, குளிரில் என்ஜினைச் சூடாக்கித் தரும் குளோ பிளக்கை மாற்றுவது இங்கே பெரும்பாலும் வீண்செலவு.

வேகமாகச் சுழன்றும் கிளம்பவில்லையா? புகைக்குழாயைப் பாருங்கள். வெண்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள், அழுத்தம் குறைந்திருக்கலாம். புகையே இல்லையென்றால் டீசல் வந்து சேரவில்லை.

இதில் ஏமாற்றுக்காரப் பழுது ஒன்று உண்டு. தொட்டியிலிருந்து டீசலை உறிஞ்சும் குழாயில் மயிரிழை விரிசல் விழுந்தால், வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாமல் போகலாம். காற்றுதான் உள்ளே நுழையும். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் தே பெங் (ஐஸ் டீ) குடிப்பது போலத்தான். இரவெல்லாம் நின்ற வண்டியில் டீசல் மெல்லத் தொட்டிக்கே இறங்கிவிடும். காலையில் முரண்டு பிடித்து, மதியம் ஒரே சுழற்சியில் கிளம்பும் லாரியில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றியதும் கிளம்பினால் சந்தேகம் வலுக்கிறது. அப்படியே ஃபில்டரின் அடியில் தேங்கிய நீரையும் வடித்துவிடலாம். அந்த நீருக்கும் டீசலுக்கும் இடையே வளரும் நுண்ணுயிரிகள் ஃபில்டரை அடைத்துவிடும்.

எல்லா இன்ஜெக்டர்களுக்கும் (டீசலைப் பீய்ச்சும் முனைகளுக்கும்) ஒரே உயர் அழுத்தப் பொதுக்குழாயிலிருந்து, அதாவது ரெயிலிலிருந்து, டீசல் போகும் காமன் ரெயில் என்ஜினில் இன்னொரு தடை இருக்கிறது. ரெயிலில் சுமார் 200 பார் அழுத்தம் சேரும்வரை கணினி இன்ஜெக்டர்களைத் திறக்காது. தேய்ந்த இன்ஜெக்டர் ஒன்றே போதும், சேரும் அழுத்தத்தையெல்லாம், மிச்ச டீசலைத் தொட்டிக்குத் திருப்பும் திரும்புகுழாய் வழியே வீணாக்கிவிடும். உயர் அழுத்தக் குழாயைத் தளர்த்திப் பார்க்காதீர்கள். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைக்கும். ஒவ்வோர் இன்ஜெக்டரின் திரும்புகுழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு, ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் சுழற்றினால், எந்தப் பாட்டிலில் அதிகம் சேருகிறதோ அந்த இன்ஜெக்டரைக் கழற்றவேண்டும்.