ஸபத்யலோக்: அந்நியனா, காலாளா?

ஹங்கேரியத் திரைப்பட இயக்குநர் பேலா தார் என்றதும் கறுப்பு வெள்ளையும் மழையும் முடியாமல் நீளும் காட்சிகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 1981இல் வந்த அவருடைய இரண்டாவது முழுநீளப் படம் அப்படியில்லை. வண்ணப் படம், ஆட்கள் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். அதிகம் பேர் பார்த்திராத அந்தப் படத்தின் ஹங்கேரியப் பெயர் ஏறத்தாழ ‘ஸபத்யலோக்’ என்று ஒலிக்கும். ஆங்கிலத்தில் அதை ‘அவுட்சைடர்’ ஆக்கிவிட்டார்கள். அதைப் பார்த்து நாமும் ‘அந்நியன்’ என்று எழுதினால் மூலச்சொல் கைநழுவிவிடும்.

‘ஸபத்’ என்றால் கட்டில்லாத. ‘த்யலோக்’ என்றால் கால்நடையாக. சதுரங்கத்தில் முன்வரிசைக் காயான காலாளுக்கும் (சிப்பாய்) அதுவே பெயர். சேர்த்தால் ஒரு சதுரங்கக் கலைச்சொல். தான் போகும் நேர்வரிசையிலும் அதன் இருபக்க வரிசைகளிலும் எதிராளியின் காலாள் ஒன்றும் முன்னால் நிற்காத காய். அதை மறிக்கக் குதிரை, யானை, ராஜா என்று வேறு காய்தான் வரவேண்டும். விட்டால் எட்டாம் கட்டத்துக்குப் போய் ராணியாகிவிடும்.

படத்தின் நாயகன் ஆந்த்ராஷ் வயலின் வாசிப்பவன். மனநல மருத்துவமனை வேலை போகிறது, கல்யாணம் நடக்கிறது, எதிலும் ஒட்டவில்லை. முன்னால் காலாள் இல்லைதான். ஆனால் எட்டாம் கட்டத்துக்கும் அவன் போவதில்லை. தலைப்பின் குத்தல் அங்கேதான் இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? அந்நியன் வடசொல். பரதேசி, பிற தேசத்தான் என்ற பொருளிலிருந்து இறங்கி வசையாகிவிட்டது. குறளில் ‘ஏதிலார்’ என்றால் தொடர்பில்லாத பிறர். அதன் உறவான ‘ஏதிலி’ இன்று அகதியைக் குறிக்கிறது. அயலானோ பக்கத்து வீட்டுக்காரனாகவும் இருக்கலாம். எல்லாமே வெளியே இருப்பவனைச் சொல்பவை. ஆந்த்ராஷ் வெளியிலிருந்து வந்தவனே இல்லை, சொந்த நாட்டில் சொந்த மொழி பேசுகிறவன். பேச்சுவழக்கின் ‘விட்டேத்தி’ அவனுக்கு இவற்றைவிட நன்றாகப் பொருந்தும், ஆனால் சதுரங்கம் போய்விடுகிறது.

‘சிப்பாய்’ பாரசீகத்திலிருந்து வந்த சொல். நம்மிடம் யானை, குதிரை, தேரோடு நாற்படையில் நடக்கும் ‘காலாள்’ இருக்கிறது. கால், ஆள், ஹங்கேரியச் சொல்லில் இருக்கும் அதே நடை. ஆட்டத்துக்கு ‘தடையிலாக் காலாள்’ போதும். படத்துக்கு நான் ‘கட்டற்ற காலாள்’ என்றே எழுதுவேன்.