கோழி மறைக்கும் நோயைக் கையால் கண்டுபிடிப்பது

கோழிக்கு உடம்பு சரியில்லை என்றால் முடிந்தவரை அது வெளியே காட்டாது. தளர்ந்து தெரிகிற கோழியைப் பருந்தும் குறிவைக்கும், கூட இருக்கும் கோழிகளும் கொத்தித் துரத்தும். அதனால் இரை பொறுக்குவது போலத் தலையைக் குனிந்து நிமிரும். வாய்க்குள் ஒன்றும் போயிருக்காது. இறகை உப்பிக்கொண்டு மூலையில் ஒடுங்கும்போது நோய் முற்றியிருக்கும். எனவே தூர நின்று பார்த்தால் போதாது. இருட்டிய பிறகு, கூட்டில் அடங்கியிருக்கும் கோழியைப் பதறாமல் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் இரைப்பை. கழுத்தடியில், கோழியின் வலப்பக்கம் இருக்கும். பகலில் மேய்ந்ததை அதில் நிரப்பிக்கொண்டு, இரவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அனுப்புகிறது. ஆகவே பொழுது சாயும்போது நிறைந்தும், விடியும்போது காலியாகவும் இருக்க வேண்டும். சாயங்காலமே காலி என்றால் கோழி சாப்பிடவில்லை. விடிந்தும் கெட்டியாக இருந்தால் நார், நைலான் நூல் போல ஏதோ அடைத்திருக்கலாம். தண்ணீர்ப்பை போலத் தளதளவென்று இருந்து, வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே ஈஸ்ட் பெருகியிருக்கலாம். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அந்த நீர் மூச்சுக்குழாயில் இறங்கினால் கோழி செத்தே போகலாம்.

அப்படியே நெஞ்செலும்பைத் தடவுங்கள். இருபுறமும் சதை இல்லாமல் எலும்பு கத்தி போலத் துருத்தினால், பல நாளாகவே மெலிந்து வருகிறது என்று அர்த்தம். குடற்புழுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிடிக்கும்போது நெஞ்சை இறுக்கக் கூடாது. மூச்சிழுக்க நமக்கு உதவும் உதரவிதானம் என்ற தசை கோழிக்குக் கிடையாது. நெஞ்செலும்பு கீழே இறங்கி ஏறினால்தான் காற்றுப்பைகளுக்குள் காற்று போய் வரும். அதை அமுக்கினால் மூச்சு முட்டும். வியர்வைச் சுரப்பியும் இல்லாததால் சித்திரை வெயிலில் வாய் திறந்து இளைப்பது சூட்டைத் தணிக்கத்தான்; கோழியின் உடல்வெப்பமே சாதாரணமாக 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். ஆனால் குளிர்ந்த விடிகாலையில் வாய் திறந்திருந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினாலோ அது நோய். இரவில் கூட்டருகே காதை வைத்தால் கொரகொர சத்தமும் கேட்கும்.

கொண்டையின் சிவப்பு, தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தின் நிறம். வெளுத்திருந்தால் ரத்தசோகை இருக்கலாம். ஆனால் அடைகாக்கும் கோழிக்கும் முட்டை நிறுத்திய கோழிக்கும் கொண்டை சுருங்கி வெளுப்பது இயல்புதான். வெளுத்த கொண்டையைப் பார்த்தால் கூட்டின் இடுக்குகளை இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பகலில் அங்கே ஒளிந்துகொண்டு இரவில் ரத்தம் குடிக்கும் செவ்வுண்ணி உண்டு. கொண்டை நீலம் பாய்ந்திருந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு, தாமதிக்கக் கூடாது.

அப்புறம் எச்சம். கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. எச்சத்தின் மேலிருக்கும் வெள்ளைதான் சிறுநீருக்குப் பதிலாக வெளியேறும் யூரிக் அமிலம். இடையிடையே பழுப்பாக, பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு விழுவது, குடலிலிருந்து பை போலப் பிரியும் குருட்டுக்குடலில் இருந்து வருவது. அதற்குப் பயப்பட வேண்டாம். குஞ்சுகளின் எச்சத்தில் ரத்தம் வந்தால் ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். பச்சையும் வெள்ளையுமாக நீராகப் போனால் வெள்ளைக்கழிச்சலைச் சந்தேகிக்க வேண்டும். தீனி போகாத குடலில் பித்தநீர் மட்டும் இறங்குவதால்தான் பச்சை. இந்த நோயின் வைரஸ் குடலையும் மூச்சுப்பாதையையும் நரம்பையும் தாக்கக்கூடியது. கழுத்து திருகி, கால் இழுத்துக்கொள்வது அதனால்தான். வந்தபின் மருந்து இல்லை. மருந்துக்கடையில் மனிதருக்கான ஆன்டிபயாட்டிக்கை வாங்கி உடைத்துக் கொடுப்பதில் பயனில்லை. அது வைரஸைத் தொடாது, முட்டையில் போய்ச் சேரும். குஞ்சு பொரித்த 7ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ விடும் தடுப்பு மருந்துச் சொட்டும், 8ஆம் வாரத்தில் போடும் தடுப்பூசியும்தான் காவல். இரண்டையும் நலமான கோழிக்கே போட வேண்டும்.

சந்தேகமான கோழியைத் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, அடியில் பழைய செய்தித்தாளை விரித்தால், எவ்வளவு தின்றது, எப்படிக் கழிந்தது என்று மறுநாள் கால்நடை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லலாம். நலமான கோழிகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகே அதனிடம் போங்கள். திடீரென்று பல கோழிகள் செத்தால் அறுக்காமல், வாய்க்காலில் எறியாமல், உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.