மாநகராட்சி தன் குப்பையை என்ன செய்ய வேண்டும்?

வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்கும்படி நாகர்கோவில் மாநகராட்சி தனது 52 வார்டு மக்களையும் கேட்டுக்கொள்கிறது. அதே கடமை அதன் சொந்த அலுவலகங்களுக்கும் பூங்காக்களுக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. அவற்றுக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு (நாப்கின், டயப்பர் போன்றவை), தனிக் கவனம் தேவைப்படும் கழிவு (பெயின்ட் டப்பா, பல்பு, மருந்து போன்றவை) என நான்காகப் பிரிக்க வேண்டும். நாளொன்றுக்கு 100 கிலோவோ அதற்கு மேலோ குப்பை சேரும் வளாகம், அது அரசுத் துறையுடையதாயினும் உள்ளாட்சி அமைப்புடையதாயினும், ஈரக் கழிவை இயன்றவரை தன் இடத்திலேயே பதப்படுத்தும் பொறுப்புடையது.

தமிழ்நாட்டில் 1.1.2019 முதல் நடப்பில் உள்ள ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை, மாநகராட்சியின் கூட்ட அரங்குக்கும் பொருந்தும். தண்ணீர்ப் பாக்கெட் மட்டுமல்ல, உட்புறம் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தேநீர்க் கோப்பையும் தடைப் பட்டியலில் உள்ளது. கழுவி வைக்கும் எவர்சில்வர் தம்ளரே இதற்குப் போதுமானது.

மிகுந்த கவனம் வேண்டுவது மின்னணுக் கழிவு. பழுதான கணினியும் அச்சுப்பொறியும் பதிவேட்டில் கழிவு செய்யப்பட்ட பிறகு, பழைய இரும்போடு சேர்த்து ஏலம் விடப்பட்டால் அவை ஆக்கர் கடைக்கு (பழைய பொருள் வாங்கும் கடைக்கு)ப் போய், உடைக்கப்பட்டு, செம்புக்காக ஒயர்கள் எரிக்கப்படும் நிலை வரலாம். அந்தப் புகையை மூச்சில் இழுப்பவர் அங்கு வேலை செய்யும் தொழிலாளியே. எனவேதான் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், ஒரு நிதியாண்டில் குறைந்தது 1000 மின், மின்னணுச் சாதனங்களைப் பயன்படுத்தும் எந்த அமைப்பும் அவற்றின் கழிவை, பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர் அல்லது மறுசுழற்சியாளரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. யு.பி.எஸ். மின்கலங்களுக்குத் தனி விதிகள் உண்டு. அவற்றை வேறு குப்பையோடு கலக்கக் கூடாது.

பூங்காச் சருகை எரிக்காமல் இயன்றவரை அங்கேயே மக்க வைக்க வேண்டும் என்றும், உள்ளாட்சிப் பூங்காக்களில் ரசாயன உரத்தை விட்டுக் கம்போஸ்ட் உரத்துக்கு மாற வேண்டும் என்றும் 2016 விதிகளே கூறியிருந்தன. இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் உரக்குழிக்குக் கூரை அவசியம். நனைந்த காகிதத்துக்கு விலை கிடைக்காது என்பதால் உலர் கழிவுக்கும் அப்படியே.

இவை நடக்கின்றனவா என்று அறிய, எவரும் 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அளிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். கழிவு செய்யப்பட்ட கணினிகள் எவரிடம் ஒப்படைக்கப்பட்டன, வேப்பமூடு பூங்காவுக்கு எவ்வளவு கம்போஸ்ட் சென்றது எனக் குறிப்பாகக் கேட்பதே பயன் தரும்.