எட்டுப் புள்ளி குறைந்தது, யாரால்?

2006-07இல் நடந்த சனத்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையின் பெருந்தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 40 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றியிருந்தார்கள். 2016இல் அந்த ஆய்வு மறுபடி நடந்தபோது அது சுமார் 32 ஆகியிருந்தது. நாடு முழுவதற்குமான எண் இரண்டு தடவையும் 17க்குப் பக்கத்தில்தான் நின்றது. முதல் ஆய்வில் வட மாகாணம் சேரவில்லை என்பதால் அந்த இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் தோட்டங்களின் கதை தெளிவானது. தோட்டத்துப் பிள்ளைகளின் நிலை 2016இலும் நாட்டுச் சராசரியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மோசமாகவே இருந்தது. அப்படியிருந்தும் எட்டுப் புள்ளி இறங்கியிருக்கிறது.

இந்த எட்டுக்கு உரிமை கோரப் பலர் இருக்கிறார்கள். திரிபோஷா என்ற சத்துமா கொடுத்தவர்கள், வீடு வீடாகப் போன குடும்பநல உத்தியோகத்தர்கள், பிள்ளைக் காம்பராவை, அதாவது தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தைத், திருத்திக் கட்டிய நிறுவனங்கள், குழாய்த் தண்ணீர் கொண்டுவந்த கருத்திட்டங்கள் என்று வரிசை நீளும். கொழும்புக் கடைகளிலும் மத்திய கிழக்கிலும் உழைத்து வீட்டுக்குக் காசு அனுப்பியவர்கள் உரிமை கோரவில்லை. ஆனால் அவர்களுக்கும் பங்கு இருக்கலாம். எல்லாம் ஒரே பத்து வருஷத்துக்குள் நடந்தது. இதில் எது வேலை செய்தது என்று தெரிந்தால்தான் அடுத்த பத்து வருஷத்துக் காசை எங்கே போடுவது என்று சொல்ல முடியும். அதைக் கண்டுபிடிக்கும் கலைக்குத் திட்ட மதிப்பீடு என்று பெயர். மலையகத்துக்கு இது மிகவும் தேவையான அறிவியல் என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் இங்கே திறப்பு விழாக் கல்வெட்டுகளுக்குக் குறைவில்லை, பலன் கணக்குத்தான் குறைவு.

ஒரு திட்டத்தை மனதில் வைத்துக்கொள்வோம். அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் தினமும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முட்டை கொடுக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்துப் பிள்ளைகளை அளக்கிறார்கள். முன்பு இருந்ததையும் இப்போது இருப்பதையும் கழித்துப் பார்த்தால் முட்டையின் பலன் தெரிந்துவிடுமா?

தெரியாது. மதிப்பீட்டின் கேள்வி 'முன்பு எப்படி, இப்போது எப்படி' என்பதல்ல. 'முட்டை கொடுக்காமல் இருந்திருந்தால் இதே பிள்ளைகள் இன்றைக்கு எப்படி இருந்திருப்பார்கள்' என்பதுதான். அந்த இன்னொரு உலகத்தை யாரும் பார்க்க முடியாது. பார்க்க முடியாத அதற்கு நம்பகமான ஒரு பதிலியைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறையின் மொத்த வேலையும்.

முன்-பின் ஒப்பீடு எந்தெந்த வழியில் ஏமாற்றும் என்று பாருங்கள். ஆறு மாதப் பிள்ளைகளை அளந்து, அவர்களுக்கு ஒன்றரை வயதாகும்போது மறுபடி அளந்தால், ஏழை நாடுகள் பலவற்றில் குன்றல் கூடித்தான் இருக்கும். முதல் இரண்டு வயதுக்குள் வயதுக்கேற்ற உயரம் பின்தங்கிக்கொண்டே போவது இந்தச் சூழல்களின் வழக்கம். முட்டை அந்தச் சரிவைப் பாதியாகத் தடுத்திருந்தாலும் கூட, கணக்கில் முட்டையே கெடுதல் செய்தது போலத் தெரியும். இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. திட்டங்கள் பெரும்பாலும் மிக மோசமான எண் வந்த தோட்டத்தைத்தான் தேடிப் போகும். பிள்ளைக் காம்பராவில் 20 பிள்ளைகள் இருந்தால், எட்டுப் பேர் குன்றியிருப்பது 40 சதவீதம், பத்துப் பேர் என்றால் 50. இரண்டு பிள்ளைகளின் அளவு சற்று முன்பின்னாக வந்ததால் மட்டுமே ஒரு தோட்டம் பட்டியலின் அடிக்குப் போகலாம். அப்படிப்பட்ட தோட்டம் அடுத்த வருஷம் எதுவும் செய்யாமலே சராசரியை நோக்கித் திரும்பிவிடும். 1886இலேயே பிரான்சிஸ் கால்ற்றன் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை வைத்து இந்தப் போக்கைக் காட்டினார். இன்றைக்கும் எத்தனையோ வெற்றிக் கதைகளுக்குப் பின்னால் இது மட்டுமே இருக்கக்கூடும்.

சரி, பக்கத்துத் தோட்டத்தோடு ஒப்பிடலாமே? முட்டை கொடுத்த தோட்டத்தில் குன்றல் 40இலிருந்து 30 ஆனது, கொடுக்காத தோட்டத்தில் 38இலிருந்து 32 ஆனது என்று வைத்துக்கொள்வோம். இங்கே பத்து, அங்கே ஆறு. அந்த ஆறு எப்படியும் நடந்திருக்கும், மிச்சம் நாலுதான் முட்டையால் வந்தது. மாற்றங்களுக்கு இடையிலான வித்தியாசத்தை எடுக்கும் இந்த முறை பழையது. லண்டனில் வாந்திபேதி எந்தக் கம்பனியின் குழாய்த் தண்ணீரால் பரவியது என்று ஜோன் ஸ்னோ 1855இல் எழுதியபோது கையாண்ட வழியும் ஏறக்குறைய இதுதான். இரண்டு இடங்களும் தொடக்கத்தில் ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. திட்டம் வராதிருந்தால் இரண்டும் ஒரே போக்கில் போயிருக்கும் என்பது மட்டும் உண்மையாக இருக்க வேண்டும்.

அந்த ஒரே போக்கு மலையகத்தில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. மேற்குச் சரிவிலுள்ள அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. கிழக்குப் பக்கம் ஊவாவில் பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று அடிக்கும், அவர்களுக்கு மழை வருஷக் கடைசியில். மழையோடு தேயிலைக் கொழுந்து, கொழுந்தோடு பேர் (ஒரு நாள் வேலைக்கு விழும் பதிவு), பேரோடு சம்பளம், சம்பளத்தோடு வீட்டுச் சாப்பாடு. அட்டனில் முட்டை கொடுத்துவிட்டு, ஒப்பீட்டுக்குப் பண்டாரவளையில் ஒரு தோட்டத்தை எடுத்தால், நாம் அளப்பது முட்டையையா, மழையையா? ஒரே தோட்டத்திலும் முதல் அளவை கொழுந்து பொங்கும் மாதத்திலும் இரண்டாவதைக் கொழுந்து வற்றிய மாதத்திலும் எடுத்தால் இதே சிக்கல்தான். எந்த மாதத்தில் அளந்தார்கள் என்று சொல்லாத அறிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்தத் தொல்லைகளிலிருந்து பெருமளவு விடுபட ஒரு வழி சீட்டுக் குலுக்கல். நாற்பது தோட்டங்களின் பெயர்களை எழுதி, எழுமாறாக இருபதை எடுத்து, அவற்றுக்கு முட்டை. மழை, ரோட்டு, தோட்டத்துரையின் குணம், பெற்றோரின் படிப்பு எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடும், நாம் யோசித்தே பார்க்காத காரணங்களும் சேர்த்து. குலுக்கலின் பலமே அதுதான். பிள்ளைகளின் சாப்பாட்டில் குலுக்கலா என்று மனம் சங்கடப்படுவது நியாயம். காசு முதல் வருஷம் இருபது தோட்டங்களுக்குத்தான் போதும் என்றால், யாருக்கு முதலில் என்பதை எப்படியாவது தீர்மானித்துத்தான் ஆக வேண்டும். செல்வாக்குள்ளவரின் தோட்டத்துக்கு முதலில் கொடுப்பதைவிடக் குலுக்கல் நேர்மையானது. மற்ற இருபதுக்கும் அடுத்த வருஷம் கொடுத்துவிடலாம், அதுவரை அவை ஒப்பீடாக நிற்கும். காத்திருப்பவர்களிடம் இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இலங்கையிலேயே இப்படி ஒரு நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. சுனாமிக்குப் பிறகு களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களின் சிறு தொழில் செய்பவர்களுக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபா மானியம் கொடுத்து, டி மெல், மெக்கென்சி, வூட்ரஃப் என்ற மூன்று பொருளியலாளர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, போட்ட முதலுக்கு மாதம் சுமார் 5 சதவீத இலாபம். அந்தக் காலத்து வங்கி வட்டியைவிட மிக அதிகம். ஆனால் ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தபோது, பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரி இலாபம் அதிகரிக்கவே இல்லை. சராசரி ஒன்றை மட்டும் பார்த்துக் கொள்கை வகுத்திருந்தால் பாதிப் பேரின் கதை காணாமல் போயிருக்கும். அப்புறம், கரையோரத்துச் சுயதொழிலாளிக்குப் பொருந்தியது மாதக் கூலிக்காரரின் லயத்துக்கும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கும்) பொருந்தும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. அதற்கு இங்கேயே பார்க்க வேண்டும்.

குலுக்கல் முடியாத இடங்களில் சில சமயம் அரசாங்கமே ஒரு கோடு கிழித்து உதவுகிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி அப்படி ஒரு கோடு. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி மேலே எடுத்த பிள்ளைக்கும் ஒரு புள்ளி கீழே எடுத்த பிள்ளைக்கும் திறமையில் வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். குறைந்த வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கு உதவிப்பணம், மற்றவருக்கு இல்லை. ஆறு வருஷம் கழித்துச் சாதாரண தரப் பரீட்சையில் இருவரும் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் உதவிப்பணத்தின் பலன் புலப்படும். திஸில்த்வெயிற், கேம்ப்பெல் என்ற இருவர் 1960இல் அமெரிக்கப் புலமைப்பரிசில் ஒன்றை வைத்து அறிமுகப்படுத்திய முறை இது. கோட்டுக்குப் பக்கத்திலுள்ள பிள்ளைகளைப் பற்றி மட்டுமே இது பேசும், நூறு புள்ளிக்குக் கீழே நிற்கும் பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

எத்தனை வீட்டில் கேட்பது என்பதில் மலையகத்துக்கென்றே ஒரு விசேஷம் உண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரு பானைக்குத்தான், பத்துப் பானைக்கல்ல. லயத்தில் ஒட்டியிருக்கும் வீடுகளுக்கு ஒரே பீலித் தண்ணீர், ஒரே பிள்ளைக் காம்பரா, ஒரே சம்பள நாள். பக்கத்து வீட்டில் கேட்பது முதல் வீட்டில் கேட்டதையே பெருமளவு திருப்பிச் சொல்லும். இதற்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. ஒரு லயத்தில் 20 வீடு கேட்டு, அவற்றுக்கிடையிலான ஒற்றுமை அளவு (ஒற்றுமையே இல்லையென்றால் 0, முழு ஒற்றுமை என்றால் 1) 0.1 என்று இருந்தால், 1 + (20 - 1) × 0.1 = 2.9. கேட்ட வீடுகளை இந்த எண்ணால் வகுக்க வேண்டும், அதாவது பத்து லயத்தில் கேட்ட 200 வீடுகளின் பெறுமதி, எழுமாறாகத் தனித்தனியே எடுத்த சுமார் 69 வீடுகளுக்குத்தான் சமம். ஒரு லயத்தில் 20 வீடு கேட்பதற்குப் பதிலாக நாற்பது லயத்தில் ஐந்தைந்து வீடு கேட்டால் 1.4ஆல் வகுத்தால் போதும், பெறுமதி 140க்கு மேலே போகும். கேட்ட வீடுகளின் எண்ணிக்கை மாறவில்லை. நடை மட்டும் கூடும், மலையில் அது சின்ன விஷயமல்ல. ஆனாலும் இந்த நடையை மிச்சம் பிடித்த ஆய்வுகள் உறுதியாகச் சொல்வது போலத் தெரிந்தாலும் உண்மையில் தள்ளாடுகின்றன.

கேள்வி கேட்கும் விதத்துக்கு வருவோம். "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் சரியான பதில் வராது. இந்த மாதம் எத்தனை பேர், எத்தனை அரைப்பேர், எத்தனை கிலோ மேலதிகக் கொழுந்து, சம்பளத் துண்டில் என்னென்ன கழிவு என்று கேட்டால்தான் கணக்கு வரும். கேட்பவர் தோட்ட உத்தியோகத்தரோடு வந்து நின்றால் கணக்கும் வராது. கூச்சமான விஷயங்களுக்கு 1965இல் வோர்னர் தொடக்கிவைத்த ஒரு அழகான வழி உண்டு. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் நுண்கடன் எடுத்திருக்கிறீர்களா என்று பெண்களிடம் கேட்க வேண்டும் என்று வையுங்கள். அவர்கள் ஒரு நாணயத்தை நமக்குக் காட்டாமல் சுண்டுகிறார்கள். தலை விழுந்தால் எதுவானாலும் 'ஆம்' சொல்ல வேண்டும், பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். 200 பேரில் 130 பேர் 'ஆம்' என்றால், சுமார் நூறு தலையால் வந்தது. பூ விழுந்த மீதி நூறு பேரில் 30 பேர், அதாவது சுமார் 30 சதவீதம் பேருக்கு அந்தக் கடன் இருக்கிறது. ஆனால் எந்தத் தனிப் பெண்ணின் இரகசியமும் வெளியே வரவில்லை. நாணயத்தின் தற்செயல் கணக்கில் சேர்வதால் இதற்கு வழக்கத்தைவிடப் பெரிய மாதிரி வேண்டும். பதில் சொல்பவரின் மானத்துக்காக அந்தச் செலவைச் செய்யலாம்.

கடைசியாக, எனக்குப் பெரிய கவலை தரும் ஒன்று. தொகைமதிப்பு, புள்ளிவிபரவியல் திணைக்களத்தின் வரையறையில் தோட்டத் துறை என்பது 20 ஏக்கருக்குக் குறையாத, பத்துப் பேருக்குக் குறையாத தொழிலாளர் குடியிருக்கும் தோட்டங்கள். அங்கிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளை அன்றைக்கே வேறு துறையாகிவிடுகிறது. ஒரு கல்வித் திட்டம் நன்றாக வேலை செய்தால், அதில் பயன்பெற்ற பிள்ளைகள்தான் முதலில் தோட்டத்தை விட்டுப் போவார்கள். ஐந்து வருஷம் கழித்துத் தோட்டத்தில் போய் அளப்பவருக்குக் கிடைப்பது மிஞ்சியவர்கள் மட்டும். திட்டத்தின் வெற்றி அங்கே தோல்வியாகப் பதிவாகும்.

அதனால் முதல் நாளே ஒவ்வொரு குடும்பத்திடமும், அவர்கள் சம்மதத்தோடு, வேறு ஊரிலுள்ள இரண்டு மூன்று சொந்தக்காரர்களின் தொலைபேசி எண்களை வாங்கி வைக்க வேண்டும். போனவர்களைத் தேடிப் போகும் செலவை முதல் வரவுசெலவிலேயே போட வேண்டும். அப்படியும் சிலர் கிடைக்க மாட்டார்கள். 300 பிள்ளைகளில் 240 பேரைக் கண்டுபிடித்து, அதில் 120 பேர் சாதாரண தரம் சித்தியடைந்திருந்தால் அறிக்கையில் 50 சதவீதம் என்று மட்டும் எழுதுவது போதாது. காணாத 60 பேரும் சித்தி என்றால் 300இல் 180, அது 60 சதவீதம். ஒருவரும் சித்தியில்லை என்றால் 300இல் 120, அது 40. உண்மை இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது, மூன்று எண்களையும் பக்கம் பக்கமாக அச்சிட வேண்டும்.