காந்தம் ஒட்டாத கப்பல்

சிங்கப்பூரின் செம்பவாங் பூங்காக் கரையில் நின்றால் எதிரே மலேசியாவின் ஜொகூர் தெரியும். இடையில் உள்ள அந்த நீரிணைக்குள் 1945 ஜூலை 31 அன்று, நான்கே பேர் அடங்கிய, 16 மீட்டர் நீளமுள்ள பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்று ஊர்ந்து வந்தது. பெயர் எக்ஸ்இ-3. தமிழர்கள் பலரும் உழைத்த கடற்படைத் தளத்துக்கு அருகே நின்ற ஜப்பானியப் போர்க்கப்பல் தக்காவோவைத் தகர்ப்பதே அதன் வேலை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த எக்ஸ்-24, இங்கிலாந்தின் காஸ்போர்ட் நீர்மூழ்கி அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் முதலில் தேட வேண்டியது, முக்குளிப்பவர் வெளியேறும் சிற்றறையை. இந்தக் கலத்தின் முழுச் சாமர்த்தியமும் அதில்தான் இருக்கிறது என்பேன்.

பத்து மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 1 கிலோ கூடுதல் சுமை அழுத்தும். அரை மீட்டர் அகல வட்டக் கதவு என்றால் கிட்டத்தட்ட 2 டன். எந்த மனிதனாலும் அதைத் தள்ளித் திறக்க முடியாது. ஆகவே முக்குளிப்பவர் உள்ளே அமர்ந்ததும் அறையை நீரால் நிரப்புவார்கள். இரு பக்கமும் அழுத்தம் சமமானதும் கதவு கையால் திறக்கும். அந்த நீரைக் கடலிலிருந்து எடுத்தால் கலம் கனத்துக் கீழே அமிழும். அதனால் கலத்தின் தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் நீரையே அறைக்குள் ஏற்றினார்கள். இடம்தான் மாறியது, மொத்த எடை மாறவில்லை.

தக்காவோவின் அடியில் எக்ஸ்இ-3 இறுக்கமாகச் சிக்கியிருந்ததால் கதவு முழுதாகத் திறக்கவில்லை. காந்தக் கண்ணிவெடிகளைக் கப்பலடியில் ஒட்ட வேண்டிய முக்குளிப்பவர் ஜேம்ஸ் மெகன்னிஸ், உடலை நெருக்கி நுழைந்து வெளியேறினார். அவர் சுவாசித்தது தூய ஆக்சிஜன். வெளிவிட்ட மூச்சு கருவிக்குள்ளேயே சுத்தமாகித் திரும்பும், குமிழி எழாது. ஆனால் அன்று கருவி கசிந்தது. குமிழிகள் மேலே போய்க்கொண்டே இருந்தன.

அவரை மேலும் வாட்டியது கொட்டலசு, அதாவது கப்பலடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிற்றுயிர். காந்தத்தின் பிடி, இரும்புக்கும் அதற்கும் இடையே சிறு இடைவெளி விழுந்தாலே வெகுவாகக் குறைந்துவிடும். வெப்பமண்டல நீரில் அசையாமல் நின்ற கப்பலின் அடிப்பரப்பில் கொட்டலசுகள் அடர்ந்திருந்தன. காந்தக் கண்ணிவெடிகள் ஒட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் இடத்தைச் சுரண்டினார். சரிவில் அவை நழுவியதால் இரண்டிரண்டாகக் கயிற்றால் பிணைத்து, கயிற்றைக் கப்பலின் அடிமுதுகுக்கு (கீல்) கீழே கொண்டுபோய்க் கட்டினார். களைத்துத் திரும்பினார்.

புறப்பட்டபோது கண்ணிவெடிகளைச் சுமந்துவந்த பெட்டிகளில் ஒன்று கலத்தை விட்டுக் கழலவில்லை. கசியும் கருவியோடு மெகன்னிஸே மீண்டும் வெளியேறினார். ஏழு நிமிடப் போராட்டத்துக்குப் பின் பெட்டி விழுந்தது. அன்றிரவு வெடிகள் தக்காவோவின் அடியைக் கிழித்தன. அவருக்கும் எக்ஸ்இ-3-இன் தளபதி இயன் ஃபிரேசருக்கும் பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது.