ஷூட்டிங்குக்கு முன்னால் ஒரு தாள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். மிச்ச நேரத்தில் குறும்படம். இங்கே சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிப் பிள்ளைகள் வந்து கேட்பது ஒன்றுதான்: "அங்கிள், எந்த கேமரா வாங்கலாம்?" எந்தத் தாளில் கையெழுத்து வாங்கணும் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. அவர்கள் வயதில் நானும் கேட்கவில்லை, அதற்கான விலையைக் கொடுத்தேன்.

என் முதல் குறும்படம் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு பாட்டியின் கதை. தெரிந்த கடைக்காரர் ஒருவர், "நம்ம பாட்டி கதையை எடுத்துக் குடு தம்பி" என்று 8,000 ராண்ட் தந்தார். பத்தாததற்கு என் சேமிப்பையும் போட்டேன். 18 நிமிஷப் படம். எடிட் முடித்ததும் 1979 முதல் நடக்கும் டர்பன் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு அனுப்ப ஆசை. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "காசு குடுத்தது நான், எங்க வீட்டு விசேஷத்துக்குத்தான்" என்றார். சண்டை போட்டேன். எடுத்தவனுக்குத்தானே உரிமை?

இல்லையாம். தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டு பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தைப் பிரித்து வக்கீல் ஒருவர் காட்டினார். 21ஆம் பிரிவு: ஒருவர் பணம் கொடுத்து, அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, படம் எடுக்கச் சொன்னால், அந்தப் படத்தின் உரிமை எடுக்கச் சொன்னவருக்கு. வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருந்தால் மட்டுமே மாறும். நாங்கள் எதையும் பேசிக்கொள்ளவில்லை. பாட்டி இன்னும் அவர் கடை அலமாரியில் இருக்கிறாள்.

பணம் வருகிறதே என்ற சந்தோஷத்தில் இதைப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். முன்பணம் வாங்கும் அன்றே பேசிவிடுங்கள். ஒரு பக்கம் போதும். உரிமை யாருக்கு, விழாக்களுக்கு அனுப்பலாமா, என் வேலையைக் காட்ட ஒரு நிமிஷத் துண்டை நான் வைத்துக்கொள்ளலாமா, எடுத்த மூலப் பதிவு யாரிடம் எத்தனை மாசம் இருக்கும். பிறகு மனசு மாறி உரிமையை உங்களுக்கு எழுதித் தருவதென்றாலும், தருகிறவர் கையெழுத்தோடு எழுத்தில் இருந்தால்தான் செல்லும். டீ குடித்துக்கொண்டே "எடுத்துக்கோ தம்பி" என்று சொன்னது செல்லாது. என்எஃப்விஎஃப் (இங்குள்ள தேசியத் திரைப்பட, வீடியோ அறக்கட்டளை) மாதிரி படத்துக்கு நிதி தருகிற இடங்களிலும் கதை உங்களுடையதுதானா என்று ஆதாரம் கேட்பார்கள்.

சினிமாப் பாட்டு ஒட்டுகிற பழக்கம் நம்மிடம் நிறைய. மெட்டுக்கும் வரிக்கும் ஒரு உரிமை, பதிவு செய்த ஒலிக்கு வேறு உரிமை. இரண்டுக்கும் அனுமதி வேண்டும். தெரிந்த நாதஸ்வரக்காரரை வாசிக்கச் சொல்லி, அவரிடமும் எழுதி வாங்குவது மலிவு.

இரண்டாவது படம் முடிய மூன்று வருஷம் ஆனது. சனிக்கிழமை கல்யாணம், அதனால் ஞாயிறு மட்டும் ஷூட்டிங். 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது அட்டவணையைப் பார்த்துப் பார்த்துத்தான் எடிட் செய்தேன். மின்சாரம் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் சத்தம், இருக்கிற நேரத்தில் ஹடீடா பறவை. சாயங்கால வெளிச்சம் நன்றாக விழுகிற அந்தப் பத்து நிமிஷம்தான் அதுவும் கத்தும். எட்டு டேக் போயிற்று. (நான் அப்போது வாயை அடக்கவில்லை, அதுவும் பதிவில் இருக்கிறது.)

அந்தப் படத்தில் நடித்த ஆன்ட்டிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். "வாழைப்பழம்" வந்த இடத்தில் மூன்று தடவை சிரித்துவிட்டு, நாலாவது தடவை அழகாகச் சொன்னார். அன்றைக்குக் காலையிலேயே நடிகர் ஒப்புதல் தாளை அவர் முன்னால் வைத்திருந்தேன். சும்மா கையெழுத்து போடுவார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். "என் பேர்ல ஒரு எழுத்து விட்டுட்டியே தம்பி." பேனாவால் திருத்தி, திருத்திய இடத்தில் இனிஷியலும் போட்டார்.

"யார் ஆன்ட்டி சொல்லிக் குடுத்தது?"

"துணி ஃபாக்டரியில முப்பது வருஷம் யூனியன் வேலை பார்த்தவ நான். எனக்கு ஒரு காப்பி எங்கே?"

நான் காப்பி எடுத்து வரவில்லை. ஷூட்டிங்கை நிறுத்திவிட்டு, முதலில் ஜெராக்ஸ் கடைக்குத்தான் போனேன்.