விறகுச் சூளைக்காரர்கள் பயப்பட வேண்டியது தூசிக்குத்தான்

பல்கலைக்கழகத்தில் மட்பாண்டக் கலை சொல்லிக்கொடுக்கிறேன். சொந்தமாக விறகுச் சூளையும் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேரும் மாணவர்கள் முதலில் கேட்பது நெருப்பைப் பற்றித்தான். 1300 டிகிரி செல்சியஸ் வரை ஏறும் சூடு, ராத்திரி பகலாக ஆள் மாற்றி விறகு போடுவது, பறந்து வரும் சாம்பல் பானையில் படிந்து உருகித் தானே கிளேஸாக, அதாவது கண்ணாடி மாதிரியான மேற்பூச்சாக, மாறுவது என்று யாரையும் கட்டிப்போடும் விஷயங்கள் இவை. நெருப்பென்றால் எல்லோருக்கும் ஒரு ஜாக்கிரதை தானாகவே வந்துவிடுகிறது. தூசியிடம் அது வருவதில்லை.

களிமண்ணிலும் கிளேஸ் பொடிகளிலும் சிலிக்கா இருக்கிறது; மணலில் இருக்கும் அதே கனிமம்தான். கண்ணுக்குத் தெரியும் தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் மணிக்கணக்கில் காற்றில் மிதந்து, நுரையீரலின் அடி வரைக்கும் போகிறது. வருஷக்கணக்கில் அது சேரும்போது நுரையீரலில் தழும்பு விழுகிறது. சிலிக்கோசிஸ் என்ற இந்த நோயைக் குணமாக்க மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் முற்றலாம். காசநோய் தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வேலையிடத்தில் சுவாசிக்கும் படிகச் சிலிக்காவை 1997-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்திவிட்டது.

இது பழைய சங்கதி. இங்கிலாந்தில் மண்ணை வெளுப்பாக்க ஃப்ளின்ட் என்ற சிலிக்கா நிறைந்த கல்லை உலர்வாகப் பொடித்த தொழிலாளர்கள் நெஞ்சு நோயில் விழுந்தார்கள். அதே கல்லைத் தண்ணீரோடு சேர்த்து அரைக்கும் முறைக்கு 1726-ல் தாமஸ் பென்சன் காப்புரிமை வாங்கினார். தூசியை ஈரத்தில் அடக்கு என்ற அந்த யோசனையைவிடச் சிறந்த வழி பட்டறைக்கு இன்றும் வரவில்லை என்பது என் அபிப்பிராயம். பட்டறையில் துடைப்பமே இருக்கக் கூடாது. தரையில் சிந்திய மண் காய்ந்து, காலில் மிதிபட்டுப் பொடியாகிறது. அதைப் பெருக்கினால் அடங்கியிருந்தது மறுபடி எழும்பும். ஈரத்தில் துடைக்க வேண்டும், அல்லது கழுவிவிட வேண்டும். காய்ந்த பானையை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குப் பதில் ஈர ஸ்பாஞ்சால் நீவலாம். கிளேஸ் கலக்கும்போது தண்ணீரில் பொடியைப் போடுங்கள், பொடியில் தண்ணீரை ஊற்ற வேண்டாம். மேலங்கியை உதறாதீர்கள்.

முகக்கவசம் பற்றி ஒரு வார்த்தை. துணி முகமூடி இதற்கு உதவாது. நுண்தூளை வடிகட்டும் என்95 கவசம் அல்லது அதைவிடத் தடுப்பு கூடியது வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகுந்துவிடும்.

சூளை பிரிக்கும் நாளில்தான் நம்மவர்கள் மிகவும் அசட்டையாக இருக்கிறார்கள். சுட்டு முடித்த களைப்பு ஒரு பக்கம், பானைகளைப் பார்க்கும் ஆவல் இன்னொரு பக்கம். ஆனால் உள்ளே சாம்பல் குவிந்து கிடக்கும். அதிக சூட்டில் சிலிக்காவின் ஒரு பகுதி கிறிஸ்டோபலைட் என்ற, நுரையீரலுக்குக் கெடுதலான இன்னொரு வடிவத்துக்கு மாறியிருக்கலாம். சூளைக்குள் பானைகளை அடுக்கும் தட்டுகளில் உருகி ஒட்டியதைச் சாணைபிடித்து எடுக்கும்போது கவசமும் கண்ணாடியும் இல்லாமல் நிற்கவே கூடாது.

நெருப்புக்கும் சில வார்த்தைகள் உண்டு. சூளையின் கண், அதாவது உள்ளே பார்க்கும் துளை, வழியே வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள். அகச்சிவப்புக் கதிர் வருஷங்கள் போகப்போகக் கண்புரையைக் கொண்டுவரும். புகை அடைத்த இடத்தில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் சேரும். ரசாயனம் ஏற்றிய மரத்தையும் பெயின்ட் அடித்த மரத்தையும் எரிக்காதீர்கள். ஆர்சனிக், ஈயம் இருக்கலாம்.

மாணவர் சில வருஷத்தில் படிப்பை முடித்துப் போய்விடுவார். ஆசிரியர் அதே அறையில் பணி ஓய்வு வரை இருக்கிறார். நீண்ட நாள் இருமலோ மூச்சிரைப்போ வந்து டாக்டரிடம் போனால், தொழில் ஆசிரியர் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அதைக் கேட்ட டாக்டருக்குச் சிலிக்கா ஞாபகம் வர வழியில்லை. எத்தனை வருஷமாகக் களிமண் தூசியில் இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லி, நெஞ்சு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் பரிசோதனையும் தேவையா என்று நீங்களே கேளுங்கள்.